ஆறிப்போன ரொட்டிக்குழி

ஸ்டைன்விக்,
19 ஏப்ரல் 1956, கோடையின் முதல் நாள்

அன்புத் தங்கை ஹால்பெராவுக்கு,

கோடை வாழ்த்து! நம் ஊர் வழக்கப்படி, முடிந்த குளிர்காலத்துக்கும் நன்றி. வாழ்த்தை எழுதிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்க்கிறேன், வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. நம் நாட்டுக் காலண்டரை எழுதினவன் நிதானத்தில் எழுதவில்லை. உன் இருமல் நின்றதா? நான் நல்ல சுகம். இடுப்பு மட்டும் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதனால் பக்கத்து வீட்டு மீனவர்கள் காலையில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கடல் பக்கத்து அறைக்கு மஞ்சள் சாயம் அடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஸ்டூர்லா இருந்தபோது வலைகளைப் போட்டு வைத்திருந்த அறை. அவர் போய் இரண்டு குளிர்காலமாக மூடியே கிடந்தது. இப்போது பார்த்தால் நீயே நம்ப மாட்டாய். போன கிறிஸ்துமஸுக்கு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "இங்க என்னப் பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்லன்னா அடுத்த இலையுதிர் காலத்துல வந்துடறேன்க்கா" என்றாய். அங்கே என்னடி உன்னைப் பிடித்து வைக்கப்போகிறது? பள்ளி விடுதியில் நாற்பது பிள்ளைகளுக்கு மீன் அவித்துக்கொட்டுகிறாய். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று நினைத்தாலே எனக்குப் பாவமாக இருக்கிறது. எனக்கென்ன, எனக்கு ஊரே துணை. உனக்காகத்தான் சொல்கிறேன்.

பதிலைக் கடிதத்தில் எழுது. தொலைபேசி வேண்டாம். உங்கள் பக்கத்தில் எட்டுப் பண்ணைக்கு ஒரே கம்பி. கிறிஸ்துமஸ் அன்று நான் இடுப்பு வலி என்று சொல்லி முடிக்கவில்லை, உன் அடுத்த வீட்டு சால்வோர் நடுவில் புகுந்து "ஆட்டுக் கொழுப்பைக் காய்ச்சித் தடவுங்கக்கா" என்கிறாள். கேட்கிறதுதான் கேட்கிறாள், வாயை மூடிக்கொண்டு கேட்கக் கூடாதா?

முடிந்தால் ஒரு கறுப்பு ரை மாவு ரொட்டி அனுப்பு. இங்கே அடுப்பில் சுடுகிறார்களே, அதுவும் ஒரு ரொட்டியா? வெந்நீர் கொதிக்கும் மண்ணுக்குள் ஒரு நாள் முழுக்கப் புதைந்து வெந்த ரொட்டி வேண்டும். பதிலுக்குக் கருவாடு அனுப்புகிறேன்.

கடவுள் உன்னைக் கதகதப்பாக வைக்கட்டும்.
உன் அக்கா, ரன்வெய்க்


ஹ்வேராபாக்கி,
17 மே 1956

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்புக்கும் உனக்கும் என் வணக்கம். எனக்கு இருமல் போய்விட்டது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பூமிக்குத்தான்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, சரியாகக் காபி நேரத்தில், பூமி ஆடியது. கோப்பையில் இருந்தது என் மடிக்கு வந்துவிட்டது. ஆள் சேதம் ஏதும் இல்லை. சால்வோர் வீட்டுப் புகைபோக்கி கோழிக்கூண்டின் மேல் விழுந்தது, கோழிகள் தப்பித்துக்கொண்டன. இருபது வருடமாகச் செத்தது போலக் கிடந்த கிழவி விழித்துக்கொண்டாள். மேலே சரிவில் இருக்கும் அந்த வெந்நீர் ஊற்றேதான். சின்ன வயதில் தேவாலயக் கோபுர உயரத்துக்குப் பீச்சி அடிப்பாளே! பாதிரியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பத்தே நாள்ல பீச்சுவா, பாருங்க" என்றார். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வெறும் ஏப்பம்தான் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

கெட்ட செய்தி இனிமேல்தான். என் ரொட்டிக்குழி ஆறிப்போய்விட்டது அக்கா! போன வியாழக்கிழமை பானையைப் புதைத்தேன், வெள்ளிக்கிழமை தோண்டினால் மாவு மாவாகவே இருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு. அம்மா காலத்திலிருந்து நம் குழி அது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழுகை வந்துவிட்டது.

அப்போது கண்ணாடி வீட்டுக்காரர் எய்விந்தூர் அந்தப் பக்கமாக வந்தார். கண்ணாடிக் கூரைக்குள் தக்காளி போடுகிறவர், ஊருக்கெல்லாம் வெந்நீர்க் குழாய் போட்டுத் தந்தவர். கல்யாணம் கட்டாத ஆள். உனக்கு அவரைத் தெரியாது, நீ கல்யாணமாகிப் போனபிறகு வந்தவர். குழிக்குள் பார்த்தார்.

"ஆறிடுச்சு" என்றார்.

"அது எனக்கே தெரியுதே" என்றேன்.

தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "என் குழியில ரெண்டு பானைக்கு இடம் இருக்கு" என்றார். பதினேழு வருடப் பழக்கத்தில் அந்த மனிதர் என்னிடம் பேசினதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஆகவே இப்போதைக்கு அவருடைய குழியில் சுடுகிறேன். கூடவே வரும் ரொட்டி அப்படிச் சுட்டது. என்னைப் பிடித்து வைக்க இங்கே ஒரு குழிகூட இல்லை என்று ஆகிவிட்டது. செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பிரித்துக் கொடுத்ததும் வந்துவிடுகிறேன். மஞ்சள் எனக்குப் பிடித்த நிறம்.

உன் கை சூடாகவே இருக்கட்டும்.
தங்கை, ஹால்பெரா


ஸ்டைன்விக்,
2 ஜூன் 1956

என் தங்கமே ஹால்பெரா,

சுகமாக இருக்கிறாயா? இங்கே சுகத்துக்கு மேல் சுகம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தபால்காரர் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நாலாம் முறை அவருக்கும் படித்துக் காட்டினேன். வருகிறாய்! திரைச்சீலை தைக்கத் துணி வாங்கிவிட்டேன். சன்னலோரம் உன் கட்டில். காலையில் எழுந்ததும் கடல் தெரியும். என் குறட்டை சுவரைத் தாண்டாது, பரீட்சித்துப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியை அந்த அறையில் படுக்க வைத்துப் பார்த்தேன், பாவம், அவளும் ஒத்துக்கொண்டாள்.

ரொட்டி அற்புதம். வெண்ணெயை அப்பி, கருவாட்டைச் சுத்தியலால் தட்டி மேலே வைத்துத் தின்றேன். ஒரே உட்காரலில் பாதி போய்விட்டது.

ஒரு சந்தேகம். தபால்காரரின் தங்கை உங்கள் பக்கத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பூகம்பத்துக்குப் பிறகு அங்கே எல்லார் குழியும் முன்னைவிடக் கொதிக்கிறதாம், சால்வோரின் ரொட்டி பாதி நாளிலேயே கருகிப்போகிறதாம். உன் குழி மட்டும் எப்படியடி ஆறிற்று? பூமியின் அடியில் நடப்பது யாருக்குத் தெரியும், சும்மாதான் கேட்டேன்.

இருமல் திரும்பி வராமல் இருக்கத் தேன் சாப்பிடு. நான் நன்றாக இருக்கிறேன்.
அக்கா, ரன்வெய்க்


ஹ்வேராபாக்கி,
24 ஜூன் 1956

அன்புள்ள அக்கா,

நலம், நலமே கேட்கிறேன். வெயில் காலம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பள்ளி மூடியிருப்பதால் எனக்கு வேலை குறைவு. நிறைய நடக்கிறேன். தூக்கம் நன்றாக வருகிறது.

குழி இன்னும் ஆறித்தான் கிடக்கிறது. ஆகவே வியாழக்கிழமைதோறும் எய்விந்தூரின் குழிக்குப் பானையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அவரே மண்ணைத் தோண்டித் தருகிறார். எய்விந்தூர் தோண்டுவது ஓர் அழகு, ஒரு பிடி மண் வெளியே சிந்தாது. என் பானை இடது பக்கம், அவர் பானை வலது பக்கம். அவர் ரொட்டியைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன் அக்கா. சர்க்கரைப்பாகு ஒரு சொட்டுகூடக் கிடையாது, உப்பு மட்டும் அள்ளிக் கொட்டியிருக்கிறார்.

"இத எப்படிச் சாப்பிடறீங்க?" என்றேன்.

"பதினேழு வருஷமா இதான்" என்றார்.

"நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?"

"இப்பத்தான் தெரியுது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவருக்கும் சேர்த்து நானே மாவு பிசைகிறேன். எப்படியும் பிசைகிறோம், இன்னொரு பானைக்குப் பிசைவதில் என்ன வந்தது? புதைத்தபிறகு கொஞ்ச நேரம் கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். எய்விந்தூர் தக்காளியை உப்புத் தொட்டுத் தருவார். போன வாரம் வெள்ளரிக்காய் கொண்டுவந்தார். அதற்கு முந்தின வாரம் ஒரு ரோஜா. கண்ணாடி வீட்டின் மூலையில் தானாக முளைத்ததாம், தக்காளிக்கு இடைஞ்சலாக இருந்ததாம், அதனால்தான் வெட்டினாராம்.

ஆமாம் அக்கா, இலையுதிர் காலத்தில் கடல் ரொம்பக் கொந்தளிக்குமே, கப்பல் எல்லாம் சரியாக ஓடுமா? சும்மா கேட்டேன்.

திரைச்சீலையை ரொம்பச் சிரமப்பட்டுத் தைக்காதே. இடுப்பைப் பார்த்துக்கொள்.
ஹால்பெரா


ஸ்டைன்விக்,
11 ஜூலை 1956

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருப்பதை உன் கையெழுத்தே சொல்கிறது, கோடெல்லாம் மேல்நோக்கிப் போகிறது. நானும் நலம்.

உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். எய்விந்தூர், அவர், அவருடைய, அவருக்கும், அவரே. முழுதும் எண்ண முயன்றேன், பதினாறில் காபி பொங்கிவிட்டது. மஞ்சள் அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மண்ணுக்குள் புதைத்த ரொட்டியை உட்கார்ந்து "பார்த்துக்கொண்டிருக்க" என்ன இருக்கிறதடி? நாம் ஏழு பிள்ளைகளும் அம்மாவும் புதைத்துவிட்டு வீட்டுக்குத்தானே ஓடி வருவோம்?

கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. நல்ல அண்டை வீட்டுக்காரர் அமைவது பெரிய விஷயம். அவர் தக்காளியை நன்றாகச் சாப்பிடு. இங்கே தக்காளி கிடைக்காது.

கப்பலுக்குச் சொல்லிவிட்டேன். அக்டோபர் 11, வியாழக்கிழமை, ரெய்க்யாவிக்கிலிருந்து மேற்குக்கு வரும் கப்பலில் கீழ்த் தட்டில் உனக்கு ஒரு படுக்கை. கடல் கொந்தளிக்காது. கொந்தளித்தாலும் முப்பது வருடமாக ஸ்டூர்லா போய் வந்த கடல்தான், பயப்பட ஒன்றும் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா, ரன்வெய்க்


ஹ்வேராபாக்கி,
30 ஜூலை 1956

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழை. வைக்கோல் காயவில்லை. அக்டோபர் 11 என்று காலண்டரில் குறித்துவிட்டேன். அடுத்த மாதம் பேராயர் எங்கள் தேவாலயத்தைப் பார்வையிட வருகிறார். அதற்கு இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. குழி அப்படியேதான் இருக்கிறது.

சுகமாக இரு.
ஹால்பெரா


ஹ்வேராபாக்கி,
22 ஆகஸ்ட் 1956

அன்புள்ள அக்கா,

உன் பதில் வருவதற்குள் நானே எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மானம்தான் போய்விட்டது. தபால்காரரின் தங்கை வழியாகக் கோணல்மாணலாக வந்து சேர்வதற்கு முன்னால் என் வாயாலேயே கேள்.

பேராயருக்குக் கிழவியைக் காட்ட வேண்டும் என்று ஊருக்கே ஆசை. அவளோ ஏப்பத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறாள். சோப்பு போட்டால் எந்த ஊற்றும் பொங்கும், அது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் பாதிரியார் பிரசங்க மேடையிலேயே சொல்லிவிட்டார்: "சோப்பு போட்டு ஏமாத்துறது இந்தச் சபைக்கு அழகில்ல. ஆண்டவர் சித்தம் இருந்தா தானா பீச்சட்டும்." எல்லோரும் பயபக்தியாகத் தலையை ஆட்டினோம்.

அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தேன். பேராயர் முன்னால் ஊர் தலை குனிந்து நிற்பதா? பேராயர் வரும் நாள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு கிலோ பச்சைச் சோப்பை வாளியில் எடுத்துக்கொண்டு போய்க் கிழவியின் வாயில் போட்டுவிட்டு வந்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஐந்தரை மணிக்கு சால்வோர் போட்டிருக்கிறாள். ஆறு மணிக்கு அடுத்த பண்ணை. எட்டு வீட்டுக்காரர்களும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள் அக்கா! பாதிரியாரின் மனைவிகூட! யார் எவ்வளவு என்று பிறகு கேட்டால், ஊரில் ஒரு மாதத்துக்குத் துணி துவைக்கச் சோப்பு கிடையாது.

பேராயர் வந்தார். எல்லோரும் கிழவியைச் சுற்றி நின்று பாட்டுப் பாடினோம். ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் நின்றோம். பாதிரியார் முகம் சுருங்கிப்போயிற்று. சரி என்று புல்லில் மேசை போட்டுக் காபிக்கு உட்கார்ந்தோம். பேராயர் சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு என் ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறார், அடியில் ஒரு உறுமல். திரும்பிப் பார்ப்பதற்குள் கிழவி எழுந்தாள்! கோபுரமாவது ஒன்றாவது, அதற்கு இரண்டு பங்கு உயரம். அதோடு நுரை! மலை முழுக்க நுரை. குழந்தைகள் கத்துகிறார்கள், பேராயர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு "மகிமை! மகிமை!" என்கிறார். பாதிரியார் ஒரு கைப்பிடி நுரையை அள்ளி முகர்ந்து பார்த்தார். எங்கள் எட்டு வீட்டாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருடைய மனைவியிடம் வந்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். வழிந்த தண்ணீர் சரிவில் அடித்துக்கொண்டு வந்து, என் குழிக்கு மேலே இருந்த புல்கட்டிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அடியில் ஒரு குழாய். புத்தம்புதுக் குழாய். குளிர்ந்த ஓடையிலிருந்து கிளம்பி, நேராக என் ரொட்டிக்குழிக்குள் போகிறது.

பேராயர் ஆர்வமாகக் குனிந்தார். "இது என்ன குழாய்ங்க?"

எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தோம். கடைசியில் எய்விந்தூர் எழுந்து நின்றார். "பச்சத்தண்ணிக் குழாய், ஐயா."

"எங்க போகுது?"

"ஹால்பெராவோட குழிக்கு."

"எதுக்கு?"

"ஆறட்டும்னு."

"ஏன் ஆறணும்?"

எய்விந்தூர் தொப்பிக்குள் பார்த்தார். அன்று அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. சால்வோர்தான் சத்தமாகச் சொன்னாள்: "அப்பத்தானே ஐயா அவ இவரோட குழிக்கு வருவா!" பேராயர் சிரித்த சிரிப்பில் ரொட்டி தொண்டையில் மாட்டிக்கொண்டது, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

நான் எழுந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த ஆளோடு நான் பேசுவதில்லை. இனி என்ன இருக்கிறது, பெட்டி கட்டிவிட்டேன். 11ஆம் தேதிக் கப்பலில் வருகிறேன்.

உன் ஆசீர்வாதம் வேண்டும்,
ஹால்பெரா


ஸ்டைன்விக்,
2 செப்டம்பர் 1956

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலம் என்று நீ எழுதியதை நம்புகிறேன்.

சிரித்துச் சிரித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. சிரித்து முடித்தபிறகு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். பத்து வயதில் மண்ணில் காது வைத்தே எங்கே கொதிக்கிறது என்று சொல்லுவாய் நீ. காலடியில் ஒரு குழாயளவு குளிர்ந்த தண்ணீர் மூன்று மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, உனக்குத் தெரியவில்லையா?

இதற்குப் பதில் எழுது.
அக்கா


ஹ்வேராபாக்கி,
9 செப்டம்பர் 1956

மரியாதைக்குரிய ரன்வெய்க் அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாம் நேரில் பார்த்ததில்லை. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் தங்கையின் குழியை ஆறவைத்தது நான்தான். போன கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் இருவரும் தொலைபேசியில் பேசினீர்கள். எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். இங்கே பிடித்து வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் வந்துவிடுவேன் என்று ஹால்பெரா சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. போய்ப் பேசியிருக்க வேண்டும். பேச வரவில்லை. குழாய் போடத் தெரியும், அதனால் குழாய் போட்டேன். பூகம்பம் வந்தது வசதியாகப் போயிற்று.

இப்போது குழாயைப் பிடுங்கிவிட்டேன். அவர் குழி பழையபடி கொதிக்கிறது. அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் வியாழக்கிழமை ஆனால் பானை என் குழிக்குத்தான் வருகிறது. இடது பக்கம் வைத்துவிட்டு, பேசாமல் கல்லில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எனக்கும் மாவு பிசைந்து வருகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்று புரிகிறது. நீங்கள் அறைக்குச் சாயம் அடித்து வைத்திருக்கிறீர்கள். நான் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளப் பார்த்தேன், உங்களைக் கேட்காமலே. அது தப்பு. அனுப்பச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால், அவர் பெட்டியை நானே தூக்கிப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். இருக்கட்டும் என்றால், நான் பேசக் கற்றுக்கொள்கிறேன்.

தக்காளி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பதில் எதுவானாலும் அது உங்களுக்கு.

வணக்கத்துடன்,
எய்விந்தூர்


ஸ்டைன்விக்,
27 செப்டம்பர் 1956

தம்பி எய்விந்தூருக்கும், தங்கை ஹால்பெராவுக்கும்,

இதை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். பேசாமல் படித்தாலும் சரி.

தம்பி, தக்காளி வந்தது. மூன்று மட்டும் நசுங்கியிருந்தன. உங்களுக்குப் பதில் எழுதப் பதினெட்டு நாளாயிற்று. முதலில் ஒரு கடிதம் எழுதினேன்: "அவளை அனுப்புங்கள்." அடுப்பில் போட்டேன். மறுவாரம் இன்னொன்று எழுதினேன், அதே வாசகம்தான், கொஞ்சம் மரியாதையாக. அதையும் அடுப்பில் போட்டேன். எனக்குக் கோபம் தம்பி. குழாய்க்காக இல்லை, அது நல்ல வேலை. முப்பது வருடம் வாய் பேசாத ஒரு மீனவனோடு குடும்பம் நடத்தினவள் நான், உங்கள் மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டியவளே எனக்கும் வேண்டியிருந்தாள், அதனால்தான் கோபம்.

ஹால்பெரா, நீ என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. வேண்டாம், பதில் வந்துவிட்டது. அங்கேயே இரு என்று உனக்குச் சொல்லிவிட்டேன், படித்துக்கொள். அந்த மனிதரோடு பேசு.

இப்போது என் விஷயம். ஏப்ரலிலிருந்து உனக்காக, உனக்காக என்று எழுதிக்கொண்டிருந்தேன். பொய். எனக்கு ஊரே துணை என்று எழுதினேன், அதுவும் பொய்தான். மூன்று மணிக்கு இருட்டத் தொடங்கினால் இந்த வீட்டில் நான் வானொலியைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் பேசிக்கொண்டிருக்கிறேன். போன ஜனவரியில் ஒன்பது நாள் ஒரு மனிதக் குரல் கேட்கவில்லை. இன்னொரு குளிர்காலம் இப்படி வருகிறது என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது ஹால்பெரா. பயமாக இருக்கிறது.

துறைமுகத்து ஆளிடம் போய், அந்த 11ஆம் தேதிப் படுக்கையைத் திருப்பித் தெற்கே போகும் கப்பலில் எழுதச் சொன்னேன். என் பெயரில். கல்யாணம் என்று ஒன்று இருந்தால் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகும், கோடை வரைக்கும், உன் வீட்டில் ஒரு மூலை கிடைக்குமா? புதுசாகச் சேர்கிறவர்களுக்கு நடுவில் கிழவி ஒருத்தி குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பது கஷ்டம்தான். கஷ்டம் என்றால் கஷ்டம் என்றே எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ரன்வெய்க்


ஹ்வேராபாக்கி,
4 அக்டோபர் 1956

என் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நாங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். உன் கடிதத்தை எய்விந்தூர்தான் சத்தமாகப் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூக்கைச் சிந்தினார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ஜூன் பத்தாம் தேதியே தெரியும் எனக்கு. குழிப்பக்கம் புல் ஈரமாக இருந்தது. மண்வெட்டியால் ஒரு கட்டியைத் தூக்கினேன், குழாய். சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புல்லை எடுத்த மாதிரியே மூடி, காலால் மிதித்துவிட்டேன். குழி ஆறித்தான் இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே, அதில் பொய் இல்லை. நடுவில் ஒரு பெரிய உண்மை மட்டும் இல்லை. ஊருக்கு முன்னால் குழாய் வெளியே வந்தபோது எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை அக்கா. எனக்குத் தெரியும் என்பது என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற வெட்கம்.

நீயோ ஒவ்வொரு கடிதத்திலும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாய். எனக்கு அது சுருக்கென்று குத்தியது. நான் ஒன்றும் பாவப்பட்டவள் இல்லை, நன்றாகத்தான் இருந்தேன். "பயமாக இருக்கிறது" என்று நீ ஏப்ரலில் ஒரு வரி எழுதியிருந்தால், மே மாதம் முதல் கப்பலில் நான் உன் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். இந்த மனிதர் தன் குழாயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். அறுபத்திரண்டு வயது வரை அந்த ஒரு வரியை எங்கேயடி ஒளித்து வைத்திருந்தாய்? அக்காவை அடி என்று எழுதிவிட்டேன், எழுதியது எழுதியதுதான்.

மூலை எல்லாம் கிடையாது. கண்ணாடி வீட்டை ஒட்டிய அறை உனக்கு, தரைக்கு அடியில் வெந்நீர் ஓடுகிறது, உன் இடுப்புக்கு ஆகும். கோடை வரைக்கும் என்று கணக்குச் சொல்லாதே. குறட்டை பற்றிக் கவலைப்படாதே, எய்விந்தூருக்கு வலது காது கொஞ்சம் மந்தம். கல்யாணம் நீ வந்து இறங்கிய மறுவாரம். பாதிரியார் சம்மதித்துவிட்டார், கிழவிக்கு யாரும் ஒரு துண்டுச் சோப்புகூடப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

நீ சனிக்கிழமை பேருந்தில் வந்து சேர்வாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நேற்று மத்தியானம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் பேருந்து நிறுத்தத்தில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா வர்றது அடுத்த சனிக்கிழமைங்க. இன்னிக்குப் புதன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "கப்பல் முன்னாடியே வந்துட்டா, அவங்க இங்க தனியா நிப்பாங்களே."

இன்றைக்கும் போயிருக்கிறார். சீக்கிரம் வா.

உன் தங்கை, ஹால்பெரா